வெப்ப நகரங்களின் குளிர்

கடகரேகைக்குத் தெற்கே, வட அட்சம் 22.3 டிகிரியில் இருக்கிறது ஹாங்காங். அமெரிக்காவின் மியாமி அந்த ரேகைக்கு வடக்கே, 25.8 டிகிரியில். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது ஹாங்காங்தான். ஆனால் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை ஹாங்காங்கில் 16.5 டிகிரி செல்சியஸ், மியாமியில் ஏறத்தாழ 20. காலநிலை வரைபடங்களும் இதையே பின்பற்றுகின்றன: கடகரேகைக்கு உள்ளே இருக்கும் ஹாங்காங்குக்குத் துணை வெப்ப மண்டல நகரம் என்று பெயர், வெளியே இருக்கும் மியாமிக்கு வெப்ப மண்டல நகரம் என்று பெயர்.

மியாமிதான் கதகதப்பான ஊர் என்று இதைக்கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. 1917 பிப்ரவரி 3 அன்று அங்கே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 3 டிகிரி இறங்கியது. ஹாங்காங் வானிலை ஆய்வகம் 1880களில் தொடங்கி வைத்திருக்கும் பதிவுகளில் மிகக் குறைந்த அளவு, 1893 ஜனவரி 18இல் பதிவான 0 டிகிரி. அதற்குக் கீழே அங்கு ஒருமுறைகூட இறங்கியதில்லை. சராசரியைப் பார்த்தால் மியாமியில் குளிர் குறைவு. மிகக் கொடிய இரவைப் பார்த்தால் ஹாங்காங்கில் குறைவு. வெப்ப நாட்டு நகரங்களின் குளிர்காலத்தை ஒப்பிடும்போது முதலில் முடிவு செய்யவேண்டியது, எந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது என்பதைத்தான்.

வெப்ப மண்டலத்துக்கு இன்று வழங்கும் வரையறை காலநிலை ஆய்வாளர் விளாதிமிர் கோப்பன் வகுத்தது. ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி 18 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் அந்த இடம் வெப்ப மண்டலம் (வறண்ட பகுதிகளுக்கு அவர் தனிப் பிரிவு வைத்தார்). கோப்பன் தாவரவியல் படித்தவர். எந்தச் செடிகொடி எங்கே வளர்கிறது என்பதைப் பார்த்துத்தான் கோடுகளை வரைந்தார். மாதச் சராசரியை மட்டும் கேட்கும் இந்த வரையறை, அந்த மாதத்துக்குள் ஓர் இரவு என்ன ஆனது என்று கேட்பதில்லை. அதனால்தான் உறைநிலைக்குக் கீழே இறங்கிய மியாமி ஒரு பக்கமும், ஆய்வகப் பதிவில் அப்படி இறங்காத ஹாங்காங் மறுபக்கமும் போய்விழுந்தன.

சராசரி மறைக்கும் இன்னொன்று பகலுக்கும் இரவுக்கும் உள்ள இடைவெளி. கொல்கத்தாவும் ஹாங்காங்கும் கிட்டத்தட்ட ஒரே அட்சத்தில் இருக்கின்றன. டிசம்பர் 21 நண்பகலில் இரண்டு ஊர்களிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 44 டிகிரி உயரத்தில் நிற்கும். ஜனவரி இரவுகளும் ஒன்றுபோலத்தான்: இரண்டிலும் குறைந்தபட்சம் 14 டிகிரியை ஒட்டியே இருக்கும். பகலில்தான் பிரிகின்றன. கொல்கத்தாவில் வெயில் ஏறி 25, 26 டிகிரியைத் தொடும்போது ஹாங்காங்கில் 19ஐக்கூட எட்டுவதில்லை. வறண்ட காற்று, தெளிந்த வானம், இளவெயில் என்று கழிகிறது கொல்கத்தாவின் ஜனவரி. ஹாங்காங்கின் தை, மாசியில் பல நாள் மேகம் மூடியே கிடக்கும். பகலும் இரவும் நான்கைந்து டிகிரி வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு ஊர்க்காரர்களும் விடிகாலையில் ஒரே அளவு நடுங்கினாலும், நண்பகலில் ஸ்வெட்டரைக் கழற்றுகிறவர் கொல்கத்தாக்காரர் மட்டுமே.

அட்சரேகைக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. குளிர்கால நண்பகலில் சூரியன் சென்னையில் 53 டிகிரி உயரத்திலும் மியாமியில் 41 டிகிரி உயரத்திலும் நிற்கிறது. பகல் நேரமும் மியாமியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் குறைவு. ஆனால் ஒரே அட்சத்தில் உள்ள மூன்று நகரங்களை வரிசையாக நிறுத்தினால் அந்தப் பங்கு எவ்வளவு சிறியது என்று தெரிந்துவிடும். சீனாவின் நான்சாங், டெல்லி, கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் மூன்றுமே 28 டிகிரி அட்சத்தை ஒட்டியவை. ஜனவரிச் சராசரி நான்சாங்கில் ஏறத்தாழ 6 டிகிரி, டெல்லியில் 14, லாஸ் பால்மாஸில் 18. சூரியன் மூன்றுக்கும் ஒரே அளவுதான் தருகிறது. குளிர்ந்த காற்று எங்கிருந்து புறப்படுகிறது, வழியில் அதை எது மறிக்கிறது, எதன் மேல் ஊர்ந்து அது வந்து சேர்கிறது என்பவையே மீதி வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

ஆசியக் குளிரின் ஊற்று சைபீரியா. பனி மூடிய நிலம், மிக நீண்ட இரவு; தரை தன் வெப்பத்தை வானுக்கு இறைத்துக்கொண்டே இருக்கிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, குவிகிறது. கடல்மட்டத்தில் வழக்கமான காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல் என்றால், 1968 டிசம்பர் 31 அன்று சைபீரியாவின் அகாதாவில் 1083.8 பதிவானது. இப்படிக் குவிந்த காற்று அவ்வப்போது கரை உடைத்துத் தெற்கே பாயும். இந்தியா பக்கம் வர அதற்கு வழியில்லை; திபெத்தியப் பீடபூமியும் இமயமலையும் குறுக்கே நிற்கின்றன. கனத்த காற்று தரையை ஒட்டி ஊர்வது, பல கிலோமீட்டர் உயரம் ஏறித் தாண்டாது. ஆகவே கிழக்கே ஒதுங்கி, சீனச் சமவெளி வழியாக இறங்கி, இரண்டு மூன்று நாளில் தென்சீனக் கடற்கரையை அடைகிறது. நான்சாங்குக்கும் டெல்லிக்கும் இடையே உள்ள எட்டு டிகிரி பெரும்பாலும் மலை தந்த வேறுபாடு. டெல்லியின் குளிர் சைபீரியாவிலிருந்து நேராக வருவதல்ல. தெளிந்த நீண்ட இரவுகளும், மேற்கிலிருந்து வந்து இமயத்தில் பனி பெய்துவிட்டுப் போகும் சலனங்களுக்குப் பின்னால் வீசும் வடமேற்குக் காற்றும், வெயிலை மறைக்கும் மூடுபனியும் சேர்ந்து உண்டாக்குவது.

அந்தச் சைபீரியக் காற்று எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு 2016 ஜனவரி 24 நல்ல உதாரணம். அன்று ஹாங்காங்கில் வெப்பநிலை 3.1 டிகிரிக்கு இறங்கியது. 1957க்குப் பிறகு அவ்வளவு குளிர் அங்கே பதிவானதில்லை. நகரின் உயரமான மலையான தாய் மோ ஷானில் உறைநிலைக்கும் கீழே போனது. உறைபனியை வாழ்நாளில் பார்த்திராத மக்கள் கூட்டம் கூட்டமாக மலையேறினார்கள். சாலை முழுக்கக் கண்ணாடிபோல் பனி உறைந்திருந்ததால் ஏறினவர்கள் இறங்க முடியாமல் தவித்தார்கள்; மீட்கப் போன தீயணைப்பு வீரர்களே வழுக்கி விழுந்தார்கள். மறுநாள் தொடக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அதே நாளில் பக்கத்திலுள்ள குவாங்சோவில் பனித்தூறல் விழுந்தது.

இந்தக் காற்று அத்துடன் நின்றுவிடுவதில்லை. தென்சீனக் கடலின் மேல் தவழும்போது அடியிலிருந்து சூடேறி, ஈரத்தை ஏற்றிக்கொள்கிறது. மலேசியாவின் கிழக்குக் கரையையும் சிங்கப்பூரையும் அடையும்போது அதில் குளிர் ஏறக்குறைய தீர்ந்துவிடும், மழைதான் மிஞ்சும். நாள் கணக்கில் விடாமல் பெய்து, 21, 22 டிகிரி வரை இறங்கினால் அதுவே சிங்கப்பூருக்குப் பெருங்குளிர். கடல் எவ்வளவு விரைவில் குளிரை உறிஞ்சிவிடும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே இமயமலை போலக் கிழக்கு மேற்காகக் கிடக்கும் மலைத்தொடர் எதுவும் இல்லை; ராக்கி மலைத்தொடர் வடக்கு தெற்காக நீள்கிறது. ஆர்க்டிக் காற்று கனடாவிலிருந்து கிளம்பினால் மெக்சிகோ வளைகுடா வரை சமவெளிதான். டெக்சாஸின் தென்கோடியில் உள்ள பிரவுன்ஸ்வில் மியாமியின் அதே அட்சத்தில், கடலுக்கு அருகில் இருக்கிறது. 1899 பிப்ரவரியில் அங்கே உறைநிலைக்குக் கீழே 11 டிகிரி வரை போனது. 2021 பிப்ரவரிக் குளிரில் அதற்குப் பக்கத்திலுள்ள தென் பாட்ரே தீவில் கடலாமைகள் விறைத்து மிதந்தன. தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கானவற்றை அள்ளி வந்து மாநாட்டு மண்டபத்தின் தரையில் வரிசையாக அடுக்கிக் காப்பாற்றினார்கள்.

மியாமி இருக்கும் தீபகற்பத்துக்கு மூன்று பக்கம் வெதுவெதுப்பான கடல். கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் புளோரிடா நீரோட்டம், வளைகுடா நீரோட்டத்தின் தொடக்கப் பகுதி, குளிர்காலத்திலும் சூடாகவே இருக்கும். சராசரி 20 டிகிரிக்கு இதுவே காரணம். ஆனால் வடக்கே தரை வழி திறந்தே கிடக்கிறது. தீபகற்பத்தின் நடுவே நேராக இறங்கி வரும் காற்றைக் கடல் தொடுவதே இல்லை. 1977 ஜனவரி 19 காலையில் மியாமியில் பனித்துகள் பறந்தது அப்படி வந்த காற்றால்தான். இதற்கு மாற்றுச் சான்று, மியாமியிலிருந்து தென்மேற்கே 200 கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட தூரத்தில், கடலுக்கு நடுவே இருக்கும் கீ வெஸ்ட். அங்கே இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 5 டிகிரி. உறைபனி பதிவானதே இல்லை.

தீவு என்பதன் முழுப் பலனையும் அனுபவிப்பது ஹொனலுலு. எந்தக் கண்டத்திலிருந்தும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விலகி, பசிபிக்கின் நடுவில் இருக்கிறது. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் நாள் கணக்கில் கடலின் மேல் பயணித்தே வரவேண்டும். வந்து சேர்வதற்குள் கடலின் வெப்பநிலைக்கு இணங்கிவிடும். ஜனவரியில் பகல் 27, இரவு 19. இதுவரை கண்ட மிகக் குறைந்த அளவே 11 டிகிரிதான். சராசரியில் மியாமிக்கும் ஹொனலுலுவுக்கும் வேறுபாடு மூன்று டிகிரி. மிகக் குளிர்ந்த இரவில் பதினான்கு. இரண்டையும் ஒரே வகைக் காலநிலை என்று விளம்பரப்படுத்தும் சுற்றுலா ஏடுகள் முதல் எண்ணை மட்டுமே அச்சிடுகின்றன.

கடல் எப்போதும் கதகதப்பைத்தான் தரும் என்றும் இல்லை. பெருவின் தலைநகர் லிமா தென் அட்சம் 12 டிகிரியில், கடலோரத்தில் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து சென்னையைவிடவும் சற்று அருகில். ஆனால் அதன் குளிர்கால மாதமான ஆகஸ்டில் பகலில் 19 டிகிரி, இரவில் 15 டிகிரி. சென்னையின் ஜனவரி இரவே லிமாவின் ஆகஸ்ட் பகலைவிடச் சூடு. தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டமும், கரையோரம் ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த நீரும் அங்கே காற்றை அடியிலிருந்து குளிர்விக்கின்றன. மேலே சூடான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்வதால் கீழே சாம்பல் நிற மேகம் மாதக்கணக்கில் கலைவதில்லை. பேருக்குத் தூறும், தரை நனையும், குடை தேவைப்படாது. வெப்பமானி காட்டுவது 16 என்றாலும், சுவரும் துணியும் படுக்கையும் ஈரமாகவே கிடக்கும் ஊரில் அந்த 16 மிகவும் குளிரும்.

வறண்ட ஊர்களில் நடப்பது இதற்கு நேரெதிர். காற்றிலுள்ள நீராவி, தரை இரவில் வெளியிடும் வெப்பத்தில் ஒரு பங்கைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. நீராவியும் மேகமும் இல்லாத இடத்தில் அந்த வெப்பம் தடையின்றி விண்வெளிக்குப் போய்விடும். துபாயும் ரியாத்தும் ஏறத்தாழ ஒரே அட்சம். துபாயின் ஜனவரி இரவு 14 டிகிரி. கடலிலிருந்து விலகி, 600 மீட்டர் உயரத்தில், பாலைவனத்துக்கு நடுவே இருக்கும் ரியாத்தில் 9. தமிழ்நாட்டில் ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்ற பழமொழி பேசுவதும் இதே நிகழ்வைத்தான்: மழைக்காலம் ஓய்ந்து, மேகம் விலகி, காற்று அடங்கிய இரவுகளில் தரையும் கூரையும் சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகக் குளிர்ந்து, பனி படிகிறது.

சென்னையின் குளிர்காலத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. பகல் வெப்பநிலை மிகக் குறைவாக இருப்பது டிசம்பரில், இரவு வெப்பநிலை மிகக் குறைவாக இருப்பது ஜனவரியில். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் மேகம் பகலில் வெயிலை மறைக்கிறது, இரவில் போர்வையாகி வெப்பத்தை விடாமல் வைத்துக்கொள்கிறது. ஜனவரியில் இரண்டுமே விலகிவிடும். சென்னையில் எந்த மாதம் குளிர் அதிகம் என்ற கேள்விக்கு, பகலா இரவா என்று திருப்பிக் கேட்டுத்தான் விடை சொல்லமுடியும். பெங்களூரு ஏறக்குறைய அதே அட்சத்தில், 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்ற கணக்குப்படி ஆறு டிகிரி வேறுபாடு இருக்கவேண்டும். ஜனவரி இரவுகளில் இது கிட்டத்தட்டச் சரியாக வருகிறது: சென்னையில் 21, பெங்களூருவில் 16. பகலிலோ வேறுபாடு ஓரிரண்டு டிகிரிக்குச் சுருங்கிவிடுகிறது. சென்னையைக் கடற்காற்று தணிக்கிறது, பெங்களூருவை வறண்ட தரை சூடேற்றுகிறது.

எண்களை ஒப்பிடும்போது வெப்பமானி எங்கே நிற்கிறது என்பதையும் விசாரிக்கவேண்டும். கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த, சாய்வுப் பலகைகள் கொண்ட வெள்ளைப் பெட்டிதான் நூறாண்டுக்கு மேலாக உலகெங்கும் வெப்பமானிக்கு வீடு. தரையிலிருந்து ஆளுயரத்துக்குள், நேர் வெயில் படாமல் வைக்கப்படுகிறது. பெட்டி ஒன்றுதான் என்றாலும் அது நிற்கும் இடம் ஒன்றல்ல. மும்பையில் இரண்டு நிலையங்கள் புகழ்பெற்றவை: கடலுக்குள் நீண்ட முனையில் கொலாபா, வடக்கே உள்ளொதுங்கி சாந்தாக்ரூஸ். 1962 ஜனவரிக் குளிரில் கொலாபாவில் 11.7 வரையும் சாந்தாக்ரூஸில் 7.4 வரையும் இறங்கியது. ஒரே நகரம், ஒரே மாதம், நான்கு டிகிரிக்கு மேல் வேறுபாடு. மும்பையை வேறு ஊரோடு ஒப்பிடுகிறவர் எந்த மும்பை என்று சொல்லாவிட்டால், அந்த ஒப்பீடு நான்கு டிகிரி பிழையோடுதான் தொடங்குகிறது. இதனால்தான் உலக வானிலை அமைப்பு முப்பது ஆண்டுச் சராசரிகளை, ஒரே நிலையத்தின் தொடர்ச்சியான பதிவுகளிலிருந்து கணக்கிடச் சொல்கிறது.

உயிர்களுக்கு முக்கியமானது சராசரி அல்ல, கடைசி எல்லை. அமெரிக்க வேளாண் துறை தோட்டக்காரர்களுக்காக வெளியிடும் வரைபடம், ஒவ்வோர் ஆண்டிலும் வந்த மிகக் குளிர்ந்த இரவுகளின் சராசரியை வைத்தே மண்டலங்களைப் பிரிக்கிறது. அந்தப் பாடத்தைப் புளோரிடா விலை கொடுத்துக் கற்றது. 1894 டிசம்பர் கடைசியில் வந்த உறைபனி ஆரஞ்சுப் பழங்களை நாசமாக்கியது, மரங்கள் பிழைத்தன. ஜனவரி முழுக்க இதமான வெயில். மரங்கள் துளிர்விட்டு, பட்டைக்கு அடியில் சாறு ஏறியது. அந்த நிலையில் 1895 பிப்ரவரியில் இரண்டாவது உறைபனி தாக்கியபோது சாறு உறைந்து பட்டை வெடித்து மரங்களே செத்தன. நீண்ட கால மாதச் சராசரி அட்டவணையில் இந்த நாசத்தின் தடயம் பெரிதாக இருக்காது. ஆரஞ்சுத் தோட்டங்கள் அதன்பின் தெற்கே நகரத் தொடங்கின. ரயில் அதிபர் ஹென்றி பிளாக்லரின் பாதை தெற்கே மியாமியை அடைந்ததும் அடுத்த ஆண்டில்தான்.

இன்று அதே மியாமியில் குளிரின் அளவுகோலாகப் பெரிய பச்சை ஓணானினம் ஒன்று பேர்பெற்றிருக்கிறது. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இகுவானாக்கள் அங்கே குடியேறிப் பெருகிவிட்டன. குளிர்ரத்தப் பிராணிகளான அவை மரக்கிளையில் தூங்குகையில் 4, 5 டிகிரியளவுக்குக் குளிர் இறங்கினால் தசை விறைத்து, பிடி விட்டு, பொத்தென்று கீழே விழும். 2020 ஜனவரி 21 அன்று மியாமியின் வானிலை அலுவலகம், இகுவானாக்கள் விழக்கூடும் என்று அறிவிப்பே வெளியிட்டது. விழுந்தவை எல்லாம் சாவதில்லை. வெயில் ஏறியதும் பல எழுந்து நடந்துவிடும். செத்துவிட்டதென்று எண்ணி அதைக் காரில் ஏற்றிக்கொள்கிறவர் பாடுதான் திண்டாட்டம்.

மனிதர்கள் விறைத்து விழுவதில்லை. ஆனால் வெப்ப நகரங்களில் குளிர் அளவுக்குப் பொருந்தாத தொல்லையைத் தருகிறது. வீடுகள் அதற்காகக் கட்டப்படவில்லை. ஹெல்சிங்கியில் வெளியே உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரி இருந்தாலும் வீட்டுக்குள் 21. ஹாங்காங்கின் பெரும்பாலான குடியிருப்புகளில் சூடேற்றும் ஏற்பாடு கிடையாது. வெளியே 8 என்றால் உள்ளேயும் சில டிகிரிதான் கூடுதல். அங்கே குளிர் எச்சரிக்கை அறிவிக்கப்பட்டதும் அரசு தற்காலிகத் தங்குமிடங்களைத் திறக்கிறது. பழக்கமும் சேர்ந்துகொள்கிறது: சென்னையில் 19 டிகிரிக்கே மார்கழி விடியலில் குரங்குக் குல்லாயும் மப்ளரும் வெளியே வந்துவிடும். இதைக் கேலி செய்வோர் உண்டு, ஆனால் உடல் எதற்குப் பழகியிருக்கிறதோ அதிலிருந்து விலகுவதுதான் அதற்குச் சுமை. 13 நாடுகளில் 384 இடங்களின் 7.4 கோடி மரணங்களை ஆராய்ந்து 2015இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இதை எண்களில் காட்டியது. உகந்த வெப்பநிலையிலிருந்து கீழே விலகியதால் நேர்ந்தவை 7.3 சதவீதம், மேலே விலகியதால் நேர்ந்தவை 0.4 சதவீதம். தாய்லாந்து, பிரேசில், தைவான் போன்ற வெப்ப நாடுகளும் அந்தக் கணக்கில் இருந்தன. குளிர் மரணங்களில் பெரும்பங்கு கடுங்குளிரால் அல்ல, மிதமான குளிரால் நேர்ந்தது.

இந்த எண்கள் எல்லாம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஹாங்காங்கின் ஜனவரிச் சராசரி 1961-1990 காலத்தில் 15.8; 1991-2020 காலத்தில் 16.5. குறைந்தபட்ச வெப்பநிலை 12 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்கும் நாட்களைக் ‘குளிர் நாட்கள்’ என்று எண்ணுகிறது அங்குள்ள ஆய்வகம், அவை குறைந்துவருகின்றன. புவி வெப்பமடைவதோடு, பகலில் உறிஞ்சிய சூட்டை இரவில் வெளியிடும் கான்கிரீட்டும் தாரும் இதற்குக் காரணம். நகரச் சூடு பகலைவிட இரவில்தான் அதிகம் தெரியும். புளோரிடாவின் கிழக்குக் கரையில், உறைநிலைக்குக் கீழே 4 டிகிரிக்கு மேல் இறங்கும் நாட்கள் குறைந்ததால் அலையாத்திக் காடுகள் வடக்கு நோக்கிப் பரவியிருக்கின்றன. கடும் குளிர் அலைகள் அடியோடு நின்றுவிடவில்லை என்பதற்கு 2016இன் ஹாங்காங்கும் 2021இன் டெக்சாஸும் சாட்சி. சராசரி ஏறிக்கொண்டிருக்கும் ஊரிலும் வடக்கு வாசல் திறந்திருந்தால் அப்படி ஓர் இரவு வரத்தான் செய்யும். ஹொனலுலுவுக்கு அந்த வாசல் இல்லை, டெல்லிக்கு மலை மறிக்கிறது, மியாமிக்கும் ஹாங்காங்குக்கும் திறந்தே இருக்கிறது.